காலி என்று எழுதிய இடம்

முப்பத்து நான்கு வருஷம் சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம், வெளிநாடு போகப் போவதாக அவள் வீட்டில் சொன்னாள். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. சம்பளம் இல்லாமல் ஆறு மாதம் வேலை செய்ய.

"இங்க வெயில்ல அலைஞ்சது போதாதாம்மா? முட்டி வேற வலிக்குதுங்கற. அங்க போய் எதை அளக்கப் போற?" என்றாள் மகள்.

"தமிழ் தெரிஞ்ச சர்வேயர் வேணுமாம். எனக்குத் தெரிஞ்சதே அந்த ரெண்டுதான். விட முடியுமா?"

மருமகன் சிரித்துவிட்டார். மறுநாள் அவரே போய்ப் பெட்டியும், முட்டிக்குப் போட உறையும் வாங்கி வந்தார்.

அவளை அழைத்தது ஒரு சின்ன அலுவலகம். வீடு, தண்ணீர், படிப்பு, வைத்தியம் எல்லாம் யாரும் போடுகிற பிச்சை அல்ல, மனிதருக்கு உரிமை என்று வாதாடுகிறவர்கள். மாடியில் இரண்டு அறை, நான்கு நாற்காலி, நான்கின் மேலும் கோப்புகள். அதை நடத்திய வக்கீலம்மா ஒரு நாற்காலியிலிருந்து கோப்புகளைத் தரையில் இறக்கி அவளை உட்கார வைத்தார். நகராட்சியின் வரைபடத்தை மேஜை மேல் விரித்தார். ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் விரல் அகலத்துக்கு வெறும் வெள்ளை.

"இதுல நூத்திப் பன்னண்டு வீடு இருக்கும்மா. மூணு தலைமுறையா இருக்காங்க. வீட்டுல தமிழ்தான். ஆனா படத்துல வீடு இல்ல. படத்துல இல்லாததால குழாய் போடல. கதவு எண் கிடையாது, விலாசம் கிடையாது. விலாசம் இல்லேன்னு பள்ளிக்கூடத்துல பிள்ளைங்கள சேர்க்க மாட்டேங்கறாங்க. நர்ஸ் எட்டிக்கூடப் பாக்கறதில்ல. கேஸ் போட்டா, 'அங்க யார் இருக்கா?'ன்னு கேக்கறாங்க. முதல்ல எனக்கு ஒரு படம் வேணும்."

அந்தக் குடியிருப்பின் இரண்டாவது வரிசையில் ஒரு தையல்காரியின் வீட்டில் அவளுக்கு இடம் பார்த்திருந்தார்கள். முன்னறையில் தையல் மெஷின். பின்னறையில் துணி மூட்டைகளை ஒதுக்கி ஒரு கட்டில் போட்டிருந்தாள் தையல்காரி. கணவர் ஐஸ் ஃபேக்டரியில் பாரம் ஏற்றுகிறவர். பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல இருப்பார். ஆறு வயதில் ஒரு மகள்.

முதல் நாள் காலையில் சர்வேயரம்மா குளிக்கப் போனாள். ஒரு குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. பயண அலுப்பு தீர அதை முழுவதும் தலையில் ஊற்றிக்கொண்டு வந்தாள். வெளியே வந்த பிறகுதான், இன்னொரு குடம் மட்டுமே மிச்சம் இருப்பதைப் பார்த்தாள். ஃபேக்டரி கேட்டில் உள்ள ஒரே குழாயைக் காவலாளி காலையில் ஒரு மணி நேரம் திறந்துவிடுவான். வீட்டுக்கு இரண்டு குடம். சமைக்க, துவைக்க, குடிக்க, குளிக்க எல்லாம் அதற்குள். தையல்காரியின் கணவர் ஒரு டம்ளர் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனார். யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது வார்த்தையைவிடச் சுட்டது. மறுநாள் விடிவதற்குள் தானும் ஒரு குடத்தோடு வரிசையில் நின்றாள்.

கருவி ஏதும் கிடைக்கவில்லை. ஐம்பது மீட்டர் டேப் ஒன்று, கோடு போட்ட நோட்டு ஒன்று. டேப்பின் மறுமுனையைப் பிடிக்கத் தினமும் காலையில் மெஷினை மூடிவிட்டு வந்தாள் தையல்காரி.

"நீங்க நிலத்துக்கு அளவெடுக்கறீங்க, நான் ஆளுக்கு எடுக்கறேன். ஆளுங்க வயித்த எக்கிக்கிட்டுப் பொய் சொல்லுவாங்க. சுவர் எக்காது, அதான் உங்களுக்கு வசதி" என்றாள்.

அவள் அளவுகளை எழுதி வைப்பதே இல்லை. எந்த வீட்டுக்காரிக்குத் தோள் எவ்வளவு, கை எவ்வளவு என்று எல்லாம் தலைக்குள். வீட்டின் அளவுகளையும் அப்படியே மனதில் போட்டுக்கொண்டாள். சர்வேயரம்மா நோட்டைப் புரட்டித் தேடும்போது அவள் பட்டென்று சொல்லிவிடுவாள்.

முதல் வரிசையில் ஒரு நாத்தனாரும் அண்ணியும் அடுத்தடுத்த வீடு. நடுச்சுவர் ஒரு சாண் தள்ளிவிட்டது என்று நாலு வருஷமாகப் பேச்சு இல்லை. டேப் வந்ததும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் காவல் நின்றார்கள். அளந்தால், இரண்டு வீடும் அச்சு பிசகாமல் ஒரே அளவு.

அண்ணி சுவரை ஒரு தட்டுத் தட்டினாள். "அப்ப நாலு வருஷம் எதுக்குடி பேசாம இருந்தோம்?"

"நீங்கதான் அண்ணி முதல்ல நிறுத்தினீங்க" என்றாள் நாத்தனார். அன்று மாலைவரை அவர்கள் பேச்சு ஓயவில்லை.

ஐந்தாவது வாரம் ஒரு மத்தியானம், அளவுகளைத் தாளில் வரைந்துகொண்டிருந்த சர்வேயரம்மாவின் கை நின்றது. முன்னறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு சொல்லணும்" என்றாள். "எனக்கு முப்பது வயசிருக்கும். ஆத்தோரமா நாப்பது குடிசை. அளக்கப் போனேன். ஒரு வீட்டுல மோர்கூடக் கொடுத்தாங்க. படத்துல 'காலி'ன்னு எழுதுன்னார் மேலதிகாரி. எழுதினேன். அடுத்த வருஷம் எல்லாத்தையும் இடிச்சுட்டாங்க. படத்துல ஒண்ணும் இல்லையே, யார் என்ன கேக்க முடியும்? என் வீட்டுல யாருக்கும் இது தெரியாது."

மெஷின் நின்றது. தையல்காரி திரும்பாமலே கேட்டாள்.

"எங்க இடத்தையும் உங்கள மாதிரி ஒருத்தர்தான் எழுதியிருப்பார்."

"ஆமாம்மா."

"அவர் பிள்ளைகுட்டியோட நல்லாத்தான் இருப்பார், இல்ல?"

சர்வேயரம்மா பென்சிலைக் கீழே வைத்தாள்.

தையல்காரி ஊசியில் நூலைக் கோத்தாள். "பரவாயில்லன்னு நான் சொல்ல முடியாது. அதை அந்த நாப்பது வீட்டுக்காரங்கதான் சொல்லணும். ஆனா மூணாவது வரிசையில கடைசி வீட்டுக்குப் பின்னால தகரம் போட்ட ஒரு சாய்ப்பு இருக்கு பாருங்க, அதுல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் இருக்காங்க. கோழிக் கூண்டுன்னு நினைச்சு விட்டுட்டீங்க. வாங்க, அதை அளந்துட்டு வந்துடலாம்."

அப்படித்தான் கணக்கு நூற்றுப் பதின்மூன்று ஆயிற்று.

நகராட்சியில் விசாரணை நாள். நீளமான மேஜைக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர். இந்தப் பக்கம் வக்கீலம்மா, சர்வேயரம்மா, பின்னால் குடியிருப்பிலிருந்து வந்த பதினெட்டுப் பெண்கள். இன்ஜினியர் படத்தை நிதானமாகப் பார்த்தார்.

"நல்லாத்தான் வரைஞ்சிருக்கு. ஆனா வெளிநாட்டுலேர்ந்து வந்தவங்க போட்ட படத்தை நான் எப்படி ஏத்துக்கறது? நாளைக்கு அவங்க ஊருக்குப் போயிடுவாங்க. தப்புன்னா யாரைக் கேக்கறது?"

சர்வேயரம்மா வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து தையல்காரி எழுந்துவிட்டாள்.

"எங்களைக் கேளுங்க சார். அவங்க சொல்லிக் கொடுத்தாங்க, அளந்தது நாங்க. எந்த வீடு வேணும், சொல்லுங்க."

இன்ஜினியர் படத்தில் இருந்த ஒரு வீட்டு எண்ணைப் பார்த்து, ஏதோ விளையாட்டாக, "அறுபத்தேழு" என்றார்.

"முன்பக்கம் மூணு மீட்டர் நாப்பது. உள்ள நாலு மீட்டர் பத்து. ரெண்டு கதவு, ஒரு ஜன்னல். அஞ்சு பேர். வயசானவர் ஒருத்தர் படுத்த படுக்கை."

"தொண்ணூத்தி ரெண்டு?"

அதையும் சொன்னாள். மூன்றாவதாக ஒன்று கேட்டார், சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் படத்தில் விரலை வைத்துச் சரிபார்த்த இன்ஜினியர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வர்ற புதன்கிழமை நானே வந்து பாக்கறேன்."

வந்தார். சொந்த டேப்போடு வந்தார். பதினோரு வீடுகளை அளந்தார். ஒன்றில் மட்டும் இரண்டு விரற்கடை வித்தியாசம். அதுவும் மழையில் சுவர் உப்பியதால். படுத்த படுக்கையாக இருந்த பெரியவர் அருகில் கொஞ்ச நேரம் நின்றார். கேட்டு வாங்கித் தண்ணீர் குடித்தார். பாதி டம்ளர்தான் கிடைத்தது.

எல்லாம் கிடைத்துவிடவில்லை. வீட்டுக்கு வீடு குழாய் கேட்டார்கள். தெருவுக்கு நான்கு பொதுக் குழாய்தான் வந்தது. நிலத்துக்கான பத்திரம் இன்னும் வழக்கில் இருக்கிறது. வக்கீலம்மா வாய்தாவுக்கு வாய்தா நடக்கிறார். ஆனால் கதவு எண் வந்தது. சாய்ப்பின் தகரத்திலும் 113 என்று நீலத்தில் எழுதினார்கள். இருபத்தாறு பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். வாரம் ஒருமுறை நர்ஸ் வந்தார்.

சர்வேயரம்மா கிளம்பும் நாளில், தையல்காரியின் மகள் வகுப்பில் பெற்றோரை வரச் சொல்லியிருந்தார்கள். தையல்காரி நல்ல புடவை கட்டிக்கொண்டு, வாசலில் அவசரமாகச் செருப்பை மாட்டினாள்.

"உங்கள வழியனுப்ப நான் இருக்க முடியல, கோச்சுக்காதீங்க. முதல் மீட்டிங். போகலேன்னா டீச்சர் என்ன நினைப்பாங்க?"

"போம்மா, போ. இதைவிட நல்ல காரணம் எனக்கு வேணுமா? நான்தான் உனக்கு நன்றி சொல்லணும்னு..."

"நன்றியா? வீட்டு ஆளுக்கு யாராவது நன்றி சொல்வாங்களா?" என்று கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, மகளை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை வந்தவர் தையல்காரியின் கணவர்தான். ஆறு மாதத்தில் அவர் பேசியது ஒரு போஸ்ட்கார்டில் அடங்கும். பஸ் வருவதற்குச் சற்று முன்னால் தொண்டையைச் செருமினார்.

"அக்கா, நீங்க வந்த அன்னிக்கு, ஒரு வாரம் தாங்க மாட்டீங்கன்னு பந்தயம் கட்டினேன்."

"யார்கிட்ட?"

"அவகிட்டதான். தோத்ததுல ரொம்ப சந்தோஷம்."

பெட்டியை ஏற்றிவிட்டு அவர் கீழே நின்றார். ஜன்னலோரம் உட்கார்ந்த சர்வேயரம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கற்ற வேலையை ஒருமுறையாவது முழு மனதோடு செய்ய இந்த மனிதர்கள் தனக்கு இடம் கொடுத்தார்களே என்று நெஞ்சு நிறைந்தது. பக்கத்தில் இருந்த பெண், "உங்க தம்பியா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றாள்.