நிறம் போன தண்ணீர்

சாயப்பட்டறைக் கழிவுநீரை வெளுக்க வைப்பது பெரிய வித்தையே இல்லை. அமிலம் விட்டு, இரும்பு உப்பைப் போட்டு, பெராக்சைடை ஊற்றினால் இருபது நிமிஷத்தில் ரத்தச் சிவப்பும் பளிங்காகிவிடும். போவது நிறம்தான். சாயம் உடைந்த துண்டுகள் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். அவையும் சிதைந்து தீர இன்னும் மூன்று மணி நேரம் கலக்க வேண்டும். இங்கே சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் பத்து வருஷமாகக் குப்பை கொட்டுகிற எனக்கு இது தெரியும். மேனேஜருக்கும் நன்றாகவே தெரியும்.

"கண்ணுக்கு ஏதாவது தெரியுதா?" என்று குடுவையைத் தூக்கிப் பிடிப்பார். "அப்புறம் என்ன, தொறந்து விடும்மா. அடுத்த தொட்டி நிரம்பிடுச்சு."

சோதனை ரிப்போர்ட்டை நீட்டினேன். மனுஷன் அதன் மேல் டீ கிளாஸை வைத்தார்.

முன்பு எங்கள் கழிவுநீர் வாய்க்காலில் சிவப்பாக ஓடியபோது யாரும் கால்கூட நனைக்க மாட்டார்கள். அதன் கரையில்தான் என் தம்பி குடியிருக்கிறான். போன மாதம் நாங்கள் பெராக்சைடு ஊற்ற ஆரம்பித்ததும், அவன் மகள், நாலு வயசு வாண்டு, அதில் இறங்கி ஆட்டம் போட ஆரம்பித்துவிட்டாள். கைகாலெல்லாம் தடிப்பு.

"நிறம்தாண்டா போச்சு, விஷம் போகல. அவளை இறக்காதே!"

"போக்கா, அடியில கிடக்கிற கல்லுகூடத் தெரியுது. தடிப்பு வெயிலுக்கு வந்தது. நீ எதுக்கெடுத்தாலும் பயப்படுவே."

கண்ணால் பார்த்தால்தானே நம்புவான்? நேற்று எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், ஒரு குவளை சிவப்புச் சாயத்தை எடுத்துப்போய், வாய்க்காலுக்குத் திறக்கிற கடைசித் தொட்டியில் கொட்டினேன். சுத்தம் செய்யச் சம்பளம் வாங்குகிறவள் செய்கிற வேலையா இது? வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாய்க்கால் சிவந்து ஓடியதைப் பார்த்தபோது, பல நாளைக்குப் பிறகு நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. பம்ப் ஆபரேட்டர் பதறியடித்து வால்வை மூடி, தொட்டித் தண்ணீரை எல்லாம் திரும்ப மேல்தொட்டிக்கு ஏற்றி, பெராக்சைடை ஊற்றினார். அதே இருபது நிமிஷம்தான், பழையபடி பளிங்கு. மேனேஜர் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். உண்மையைச் சொன்னால் என் வேலை போகும், அந்தக் குடுவையைப் பார்த்துத் தலையாட்ட வேறொருத்தி வருவாள்.

சாயங்காலம் தம்பி போன் செய்தான்.

"மத்தியானம் கொஞ்ச நேரம் சிவப்பா வந்துச்சுக்கா. எல்லாரும் பயந்துட்டோம். அப்புறம் தெளிஞ்சிடுச்சு. நீதானே சரி பண்ணினே?"

அவனுக்குப் பின்னால் தண்ணீர் தெறிக்கிற சத்தமும் வாண்டின் சிரிப்பும் கேட்டன.

"அவளை வெளியே தூக்குடா. உன் கால்ல வேணா விழறேன், தூக்குடா."

"சும்மா இருக்கா. எங்க அக்காதான் அங்க தண்ணியைப் பார்த்துக்கறாங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். இப்ப பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களும் இறங்கிட்டாங்க."