ஓதக்கரை விடுதியின் வரலாறு, ஒரு பெயர் குறைவாக

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை, ஒரு பலகைக்காகப் பிறந்தது.

முத்துப்பேட்டைக்குத் தெற்கே, சாலை முடிந்து, படகில் ஆற்றைக் கடந்து போனால் அலையாத்தி மரங்களுக்கு நடுவில் ஒரு விடுதி இருக்கிறது. ஏழெட்டுக் குடில்கள், ஒரு சமையற்கட்டு, சுற்றிலும் சேறும் கொக்கும். அதன் உரிமையாளர்களில் ஒருவரான துரைராசு, தஞ்சாவூரில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். "வர்றவங்க படகுலேருந்து எறங்குனதும் படிக்கணும்மா. இந்த எடம் எப்படி உண்டாச்சு, யாரு உண்டாக்குனது, எல்லாம் ஒரு பக்கத்துக்குள்ள. நச்சுன்னு இருக்கணும்."

நச்சென்று எழுதுவதில் என்னை மிஞ்ச இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. (தன்னடக்கம் வேண்டுவோர் வேறு கதைக்குப் போகலாம்.) ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: சுனாமிக்குப் பிறகு, உப்பேறிக் கிடந்த தன் நிலத்தில் நின்றபடி துரைராசு ஒரு கனவு

அடித்துவிட்டேன். பலகைகளில் எல்லோரும் கனவுதான் காண்கிறார்கள். துரைராசுவுக்கு அப்போது இருந்தது கனவு அல்ல, கடுப்பு. நெல் விளையாத நிலத்தை வைத்துக்கொண்டு என்ன எழவைச் செய்வது என்கிற கடுப்பு.

இரண்டாம் தொடக்கம்: மனிதக் காலடியே படாத அந்தக் காட்டில் முதன்முதலாக

இதுவும் போச்சு. காலடி படாத காடாவது! மீன்பிடிக்கிறவர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகச் சேற்றில் நடந்திருக்கிறார்கள். 'முன்னோடி' என்று நான் எழுதும்போதெல்லாம் அவருக்கும் முன்னால் யாராவது ஒருவர் வலையோடு நின்றுகொண்டிருக்கிறார்.

மூன்றாம் தொடக்கம்: இந்த விடுதி ஒரு தவறிலிருந்து தொடங்கியது.

ஆங், இது நிற்கிறது.

3

என்ன தவறு? துரைராசு வயல்காரர். தண்ணீரைக் கண்டால் வரப்புப் போடுகிற கை அவருக்கு. குடில் போடும் முன்பே நிலத்தைச் சுற்றி நல்ல உயரமாக வரப்பு எழுப்பிவிட்டார், உப்புத் தண்ணீர் வரக்கூடாது என்று. அந்த வளைப்புக்குள் அலையாத்தி மரங்களும் மாட்டிக்கொண்டன. ஓதம்* ஏறும்போது தண்ணீர் வரவேண்டும், இறங்கும்போது போகவேண்டும், அப்படி இருந்தால்தான் அந்த மரங்கள் பிழைக்கும். உள்ளே அகப்பட்ட தண்ணீரோ போக வழியில்லாமல் வெயிலில் வற்றி, நாளுக்கு நாள் உப்புக் கூடிக்கொண்டே போனது. இலைகள் பழுத்துக் கொட்டின. துரைராசு என்ன செய்தார்? வரப்பை இன்னும் உயர்த்தினார்! எங்கள் ஊர்க்காரர் வேறென்ன செய்வார், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

(* கடல் நாள்தோறும் ஏறி இறங்குவது. காவிரித் தண்ணீருக்கு முறை வைப்பார்கள், இதற்கு யாரும் வைக்க முடியாது.)

அப்போது அவரோடு இருந்தவர் மலர்க்கொடி. துரைராசு வீட்டு வயலில் மூன்று தலைமுறை வேலை செய்த குடும்பத்துப் பெண். மன்னார்குடியில் விலங்கியல் படித்தவர். ஆட்களைப் படகில் கூட்டிப்போய்ப் பறவை காட்டலாம் என்ற யோசனையே அவருடையதுதான், விடுதியில் பங்குதாரரும்கூட. அவருடைய தாத்தா துரைராசு வீட்டாரை 'ஐயா' என்றார், இவர் 'சார்' என்கிறார். அது காதுக்குப் பழக ஒரு வருஷம் ஆனதாம், துரைராசுவே சிரித்துக்கொண்டு சொன்னார்.

ஒரு நாள் விடிந்து பார்த்தால் வரப்பில் அகலமாக ஒரு வெட்டு. ஓதம் உள்ளே வந்து, கழுவிக்கொண்டு போயிருந்தது. ஐப்பசி மழைக்குப் பிறகு மரங்கள் துளிர்த்தன. மரம் பிழைத்ததால் பறவை வந்தது, பறவை வந்ததால் ஆட்கள் வந்தார்கள். ஆக, இந்த விடுதியை உண்டாக்கியது அந்த ஒரு வெட்டுதான்.

யார் வெட்டியது என்று துரைராசுவிடம் கேட்டேன். "நான்தாம்மா."

மலர்க்கொடியிடம் கேட்டேன். "நான்தான் மேடம்."

4

இந்த வட்டாரத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்தவர் வரப்பில் மண்வெட்டி வைப்பது இங்கே விளையாட்டுக் காரியம் இல்லை. அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோகும், போலீஸ் ஸ்டேஷன்வரை போகும். அதிலும் கூலிக்கு வந்த வீட்டுப் பெண் மிராசு வீட்டு வரப்பை வெட்டினாள் என்றால்

சரி, அதை முடிக்க வேண்டியதில்லை.

துரைராசுவைப் புளுகராக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை, அந்த மனிதர் கண்ணைப் பார்த்துப் பேசுகிறவர். மலர்க்கொடியைப் புகழுக்கு ஆசைப்பட்டவராக எழுதிப் பார்த்தேன். என் கொழுப்பு, அதை அவரிடமே படித்தும் காட்டினேன்.

"ஆசைதான் மேடம். அதுல என்ன தப்பு?" என்றார் மலர்க்கொடி. "லீவு விட்டா எம்பொண்ணு இங்கதான் வர்றா. தன் அம்மா என்ன செஞ்சான்னு அவ அந்தப் பலகையில படிக்கணும். வர்றவங்க எல்லாம் என்னைப் பாத்து, 'நீங்க இங்க வேலை பாக்குறீங்களா'ன்னு கேக்குறாங்க. எம்பொண்ணு பக்கத்துல நிக்கும்போது கேக்குறாங்க."

அன்றைக்கே அவர் பக்கம் சாய்ந்துவிட்டேன், அதையும் மறைக்கவில்லை.

5

பலகை எழுதும் நாள். கூத்தாநல்லூரிலிருந்து வந்த ஓவியர் ஜாஃபர் சாதிக், படகுத்துறையில் என் வாசகத்தைப் பச்சை எழுத்தில் எழுதிக்கொண்டே வந்தார். 'வரப்பை வெட்டி இந்தக் காட்டைக் காப்பாற்றியவர்' என்பதற்கு எதிரே மட்டும் இடம் விட்டிருந்தது. இருவரையும் அங்கே வரவழைத்தேன்.

"மலரு, ஏம்மா இதைப் போயி பெருசு பண்ற?" என்றார் துரைராசு. கோபமில்லை, அலுப்பு. "அன்னைக்கு என் பங்காளிங்க எல்லாம் கம்பைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னானுங்க. எவன் கை வச்சான்னு கேட்டானுங்க. உன் பேரச் சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? 'நான்தான்டா வெட்டுனேன், என் வரப்பு, உங்களுக்கென்னடா'ன்னு சொன்னேன். உன்னைக் காப்பாத்தத்தானே சொன்னேன்?"

அடப்பாவி மனுஷா! இதை அவர் என்னிடம் சொல்லவே இல்லை. மறைக்க நினைத்து அல்ல. வந்த விருந்தாளிக்கெல்லாம் 'நான்தான் வெட்டினேன்' என்று சொல்லிச் சொல்லி, முதலில் ஏன் சொன்னோம் என்பதே அவருக்கு மறந்துபோயிருக்கிறது. இப்போதுதான், அதுவும் தன் வாயால் சொல்லும்போதுதான், அவருக்கே அது கேட்டது. முகம் மாறியதைப் பார்த்தேன்.

"காப்பாத்துனீங்க. இல்லன்னு சொல்லல சார், சாகுறவரைக்கும் மறக்க மாட்டேன்," என்றார் மலர்க்கொடி. "அன்னைக்கு என்னைக் காப்பாத்த என் பேரை மறைச்சீங்க. இன்னைக்கு யாரைக் காப்பாத்த மறைக்கிறீங்க?"

6

முடிவுகளுக்கு வருகிறேன்.

துரைராசு கண்கலங்கி, "மலர்க்கொடின்னு எழுதுப்பா" என்பது ஒன்று. நீங்கள் மூக்கை உறிஞ்சிக்கொள்வீர்கள், எனக்கு நல்ல பெயர் கிடைக்கும். ஆனால் அவர் கண் கலங்கவில்லை.

இருவர் பெயரையும் போட்டுவிடலாம். ஜாஃபர் சாதிக்கே மெல்ல, "ரெண்டு பேருக்கும் எடம் இருக்குங்க" என்றார். பாவம், நல்ல மனசு. ஒரு மண்வெட்டியை இரண்டு பேர் சேர்ந்து பிடித்தார்கள் என்று எழுத எனக்குக் கை வராது.

இன்னொன்று, பெயரை நானே சொல்லிவிடுவது. வாசகத்தை எழுதியவள் நான், எனக்கு உரிமை உண்டு. வாயைத் திறந்தும்விட்டேன். மலர்க்கொடி கையை உயர்த்தித் தடுத்தார். "நீங்க சும்மா இருங்க மேடம். சார் சொல்லட்டும்."

ஜாஃபர் சாதிக் தூரிகையைப் பச்சையில் தோய்த்தார். "என்ன பேருங்க?" துரைராசு தொண்டையைச் செருமினார்.

இங்கே நிறுத்துகிறேன். முடிவு தெரியாமல் இல்லை. அவர் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. அதை எழுதினால், அவரை மெச்சிவிட்டோ திட்டிவிட்டோ நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள், அதற்குத்தான் விடமாட்டேன் என்கிறேன். யாரையோ காப்பாற்றப் போய் உங்கள் பேரில் வந்து ஒட்டிக்கொண்ட பெருமை ஒன்று உங்களிடமும் இருக்கும். கொஞ்சம் யோசியுங்கள், இருக்கும். ஆகவே பெயரை நீங்களே சொல்லுங்கள்.

முணுமுணுக்காமல், வாய்விட்டுச் சொல்லுங்கள். மலர்க்கொடி உங்களுக்கு எதிரேதான் நிற்கிறார்.