நடுச்சுவரில் மாட்டிய வயிற்றுப் பொறி

மனித உடலின் தலைநகரம் வயிறு என்பதும், அந்த வயிற்றைத் திருத்தியமைக்கும் பொறியை உலகுக்கு வழங்கிய பெருமை சித்திரபுரத்துக்கு மேலே உள்ள பத்து வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்துக்கே உரியது என்பதும் வரலாறு குறித்துக்கொள்ள வேண்டிய செய்திகள். பொறி மாட்டப்பட்ட பதினேழாம் நாள், அதில் செபமாலையம்மாள் தினமும் நாற்பது தடவை படுத்து எழுந்ததன் பலனாக, பக்கத்து வீட்டுக் குருசாமிக்கு வயிற்றில் சிக்ஸ்பேக் என்கிறார்களே, அந்த ஆறு கட்டு விழுந்தது. அந்தப் பதினேழு நாளும் குருசாமி வேலை நேரம் போகக் கட்டிலில்தான் கிடந்தார்.

பொறியை வடிவமைத்தவன் செபமாலையம்மாளின் கணவன் பவுல்ராஜ். தேயிலை பேக்டரியில் பிட்டராக இருந்தவன், கண்டுபிடிப்புகளுக்கு நேரம் போதவில்லை என்று ஆறு வருடம் முன்பு வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். கிடைத்த நேரத்தில் காலில் அட்டைப்பூச்சி ஏறாத செருப்பு ஒன்றும், மழை வந்தால் தானாக மூடிக்கொள்ளும் கோழிக்கூடு ஒன்றும் செய்தான். செருப்பில் அட்டை ஏறவில்லை, அதைப் போட்டவர்களால் நடக்கவும் முடியவில்லை. கூடு சொன்னபடி மூடிக்கொண்டது. கோழிகள் அப்போது வெளியே மேய்ந்துகொண்டிருந்தன. பிழைப்புக்கு ரிசார்ட்டுகளில் வெந்நீர் ஹீட்டர் மாட்டிக் கொடுத்தான். ஆக, அந்தக் குடும்பத்தில் எஸ்டேட் பதிவேட்டில் பெயர் இருந்த ஒரே ஆள் கொழுந்து கிள்ளும் செபமாலையம்மாள்தான். பெயர் இருக்கும்வரைதான் வீடும் இருக்கும். சென்ற மழைக்காலத்தில் அவளுக்குக் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் நடந்தது. தையல் ஆறிவிட்டது, வயிற்றுத் தசை மட்டும் நனைந்த சாக்கு மாதிரித் தொய்ந்து கிடந்தது. டாக்டர் கோபிநாத் வயிற்றைப் பலப்படுத்தினால் தேறிவிடும் என்றார். பீல்டு ஆபீசர் ஜோமோன் மூன்று மாதக் கெடு கொடுத்தார். கெடு முடியும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, கொழுந்து நிறுக்கும் ஷெட்டில், இருபத்தைந்து கிலோ சாக்கைத் தரையிலிருந்து தூக்கித் தலையில் வைத்துக் காட்ட வேண்டும். வைத்துவிட்டால் வேலை உண்டு. இல்லாவிட்டால் ஓய்வு, ஓய்வு என்றால் ஒரே மாதத்தில் வீடு காலி.

வேறு யாராக இருந்தாலும் தரையில் பாயை விரித்துப் படுத்து எழச் சொல்லியிருப்பார்கள். பவுல்ராஜ் அந்தத் தரையில் சாக்கட்டியால் படம் போட்டான். பாயில் படுத்து எழுந்தால் கழுத்துதான் இழுபடும், வயிறு ஏமாற்றிவிடும் என்பது அவன் சித்தாந்தம். எனவே முதுகுக்குப் பலகை, கழுத்துக்கு பைக் சீட்டிலிருந்து அறுத்த மெத்தை, காலுக்கு வார், இரண்டு பக்கமும் பழைய ஜீப் சீட்டின் ஸ்பிரிங்குகள். எழும்போது பாதிவரை ஸ்பிரிங் கைகொடுக்கும், இறங்கும்போது எதிர்த்து நிற்கும். இதுவரை யாரும் குறை சொல்ல முடியாது. எங்கே மாட்டுவது என்பதில்தான் கேடு வந்தது. வெளிச்சுவர் கம்பெனிக்குச் சொந்தம், ஆணி அடித்தால் மெமோ வரும். தரை சிமெண்டு துடைப்பத்துக்கே பெயர்ந்து வரும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் மட்டும் இரண்டு வீட்டுக்காரரும் தங்களுடையது என்று நினைக்காத சுவர் என்பதால், லயத்தில் எல்லாரும் எதையும் அதில்தான் அடிப்பார்கள். பவுல்ராஜும் அங்கேதான் துளை போட்டான். பேக்டரியில் கழற்றிப் போட்ட ஒன்றரை அடி போல்ட்டைச் செருகி, குருசாமி வீட்டுப் பக்கம் நட்டைப் போட்டு முறுக்கினான். அந்தச் சுவர் வழியாகச் சண்டை போகும், கருவாட்டு வாசனை போகும், சீரியல் பாட்டு போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். பலமும் போகும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

குருசாமி யூனியன் கன்வீனர். துளை போட அனுமதி தருவதற்கே கால்மணி நேரம் பேசினார். நட்டுக்கு நேர் கீழே அவருடைய கட்டில் கிடந்தது. பத்து நாளில் அவர் பெல்ட்டுக்கு இரண்டு துளை புதிதாகப் போட வேண்டியிருந்தது. பதினேழாம் நாள் குளிக்கும்போது குனிந்து பார்த்தவர், வெகுகாலமாகக் காணாத தம் பாதங்களையும், அதற்கு மேலே பேக்டரி சல்லடைபோல் வரி வரியாக நின்ற வயிற்றையும் கண்டார். அதிசயப்பட்டது அந்த ஒரு நிமிடம்தான். அடுத்த நிமிடமே அது தம் கட்டுப்பாட்டின் விளைவு என்பது அவருக்கு உறுதியாகிவிட்டது. மாதம் முடிவதற்குள் பஞ்சாயத்து ஹாலில் ஆரோக்கிய சம்மேளனம் என்று ஒன்று கூட்டினார்கள். அவருக்குச் சால்வை போட்டு, 'மலையோர ஆரோக்கியச் செம்மல்' என்று பட்டமும் கொடுத்தார்கள். மேடையிலேயே சட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டு, "தோழர்களே, இந்த வயிறு எனக்குச் சும்மா வரல. அதிகாலை நாலு மணிக்கு எந்திரிச்சு..." என்று ஆரம்பித்தார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சாந்தம்மாள், "நாலு மணிக்கா? எட்டு மணிக்கு எழுப்புனாலே எரிஞ்சு விழுவாரு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். கைதட்டலில் அது கேட்கவில்லை.

செபமாலையம்மாளுக்கு ஒரு மாதத்தில் கிடைத்தது முழங்கை வலி மட்டும். குடத்தைப் பாதி நிரப்பித்தான் தூக்க முடிந்தது.

"நான் இங்கன கெடந்து முக்குதேன், அண்ணனுக்கு அங்கன வயிறு எறங்குது. ஒங்க மிஷினுக்கு ஆளு அடையாளம் தெரியாதா?"

"பலன் வருதுல்லா? வருது. தெசைதான் கொஞ்சம் மாறுது. சின்ன அட்ஜஸ்ட்மென்ட்."

"வீட்டக் காலி பண்ணிட்டு எந்தத் தெசைல போறதுன்னும் இப்பவே படம் போட்டு வைங்க."

பவுல்ராஜ் அட்ஜஸ்ட்மென்ட் செய்தான். இரண்டாவது மாடலில் ஸ்பிரிங்கை இரட்டிப்பாக்கினான், குருசாமியின் ஆறு கட்டு எட்டானது. மூன்றாவது மாடலில் போல்ட்டைத் திருப்பி நட்டைத் தன் பக்கம் வைத்தான். குருசாமிக்கு வலது பக்கம் இருந்த கட்டெல்லாம் இடதுபக்கம் போய்ச் சேர்ந்ததே தவிர வேறு மாற்றமில்லை. நான்காவது மாடலைச் சுவரை விட்டே கழற்றித் தரையில் வைத்தான். செபமாலையம்மாள் மூன்றாவது தடவை எழும்போது பொறி அவளையும் சுமந்துகொண்டு வாசல்வரை வழுக்கிப் போய் நின்றது. அவள் அங்கேயே வைராக்கியமாக நாற்பதையும் முடித்தாள். அந்தப் பலம் தரையில் இறங்கி, வாசலில் படர்ந்திருந்த சௌசௌக் கொடிக்குப் போனது. அடுத்த இரண்டு வாரம் அந்தக் கொடியில் காய்த்த எந்தக் காயும் அரிவாளுக்கு மசியவில்லை. பவுல்ராஜ் பொறியை மறுபடி சுவரில் மாட்டி, நட்டைப் பழையபடி குருசாமி பக்கமே முறுக்கினான்.

பெண்டாட்டியின் வயிற்றுக்கு ஆகாவிட்டாலும் கண்டுபிடிப்பு கண்டுபிடிப்புதானே என்று, குருசாமியின் சம்மேளனப் போட்டோவைப் பைலில் வைத்துக்கொண்டு சிறுதொழில் அங்கீகாரம் கேட்டு அரசு ஆபீசுக்கும் போனான். அங்கே நிமி மேடம் விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்தார். "உபயோகிச்சது செபமாலை. பிரயோஜனம் கிடைச்சது குருசாமி. சேட்டா, ஃபாரத்துல ஒரு கட்டம்தான் இருக்கு. ரெண்டு பேரை எவிடே எழுதும்?" என்று பாதி மலையாளத்தில் கேட்டார். சுவர் தாண்டிப் பலம் போனதைப் பற்றி அவருக்கு ஆட்சேபம் ஏதும் இல்லை. குருசாமி ஒரு கடிதம் கொடுத்தால் போதும் என்றார். குருசாமி கடிதம் கொடுக்கவில்லை. "எவனோ ஒருத்தன் நட்டு முறுக்குனதால வந்த வயிறுன்னு நானே எழுதிக் குடுக்கவா? மேடையில என்ன பேசிருக்கேன்னு தெரியும்ல?" என்று கேட்டுவிட்டுக் கட்டிலுக்குப் போய்விட்டார்.

கெடுவுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாந்தம்மாள் கழுவிய கொழுந்துக் கூடையை அந்த நட்டில் மாட்டப் போனாள். நட்டு துடித்தது. கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த புருஷனின் வயிறும் அதே கணத்தில் இறுகித் தளர்ந்தது. பத்துத் தடவை நின்று பார்த்துவிட்டுச் சுவரோடு வாயை வைத்துச் சொன்னாள்.

"மதினி, நிப்பாட்டுங்க. நீங்க முக்குத ஒவ்வொரு தடவையும் இங்கன இவருக்குல்லா இறுகுது. மனுசன் கொறட்டையக்கூட நிப்பாட்டல."

"அதான் ஊருக்கே தெரியுமே மதினி."

"அப்ப இங்கன நான் முக்குனா அங்கன ஒங்களுக்குத்தான வரணும்?"

இதற்கு முதலில் ஆய்வு தேவை என்றும், எதிர்த்திசை ஓட்டம் குறித்துப் படம் போடக் குறைந்தது இரண்டு மாதம் ஆகும் என்றும் பவுல்ராஜ் விளக்க ஆரம்பித்தான். அவன் விளக்கி முடிப்பதற்குள் இரண்டு பெண்களுமாகப் பொறியைக் கழற்றித் தூக்கிக்கொண்டுபோய் அந்தப் பக்கம் மாட்டி, சாந்தம்மாள் இருபது தடவை படுத்தும் எழுந்துவிட்டாள். நான்காம் நாள் செபமாலையம்மாள் நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படி ஏறினாள். மூன்றாம் வாரம் இருமினால் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் போய்விட்டது. குருசாமிக்காகப் படுத்து எழ இப்போது யாரும் இல்லாததால், அவர் வயிறு தினம் ஒரு கட்டாக அவிழ்ந்து பழைய உருவத்துக்கு வந்தது. அடுத்து வந்த இரண்டு சம்மேளனங்களிலும் சளி பிடித்திருப்பதாகச் சொல்லிச் சட்டையைத் தூக்க மறுத்துவிட்டார்.

கெடுவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, போடியில் சாந்தம்மாளின் தங்கை மகளுக்குக் குறைமாதத்தில் பிரசவம் ஆகிவிட்டதாகப் போன் வந்தது. போகாமல் இருக்க முடியாது. அவள் பஸ் ஏறிய இரண்டாம் நாளே செபமாலையம்மாளின் குடம் மறுபடி பாதியானது. வீட்டில் இருந்த குருசாமியிடம் கேட்டார்கள். "நான் படுத்து எந்திரிக்கத நாலு பேரு பாத்தா என்ன நெனப்பாங்க?" என்றார். பொறியில் படுக்க மிச்சம் இருந்த ஒரே ஆள், அதை வடிவமைத்தவன்.

இந்த இடத்தில் ஒரு விவரத்தைப் பதிவு செய்ய வேண்டும். நான்கு மாடல்கள் செய்த பவுல்ராஜ் அவற்றில் ஒன்றிலும் ஒரு தடவைகூடப் படுத்ததில்லை. பலகையில் படுத்தால் அவன் வயிறு இரண்டு பக்கத்து ஸ்பிரிங்குகளையும்விட நான்கு விரற்கடை உயரமாக இருந்தது. முதல் நாள் பாதி எழுந்தான். இரண்டாம் நாள் ஒன்றரை. ஸ்பிரிங் கைகொடுக்கும் என்று தான் சொன்னது எந்த இடத்தில் என்று தேடினான்.

"கழுத்த இழுக்காதிய. வயிறு ஏமாத்திரும்னு நீங்கதான் சொன்னிய" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து செபமாலையம்மாள் சொன்னாள்.

"பேசாத. எண்ணிக்கை தப்புது."

"ரெண்டுக்கு என்னத்த எண்ணிக்கை?"

ஆனாலும் எழுந்தான். வீடு போய்விடும் என்பதை அவன் முதல்முறையாகத் தன் வயிற்றால் புரிந்துகொண்டான் என்று சொல்ல வேண்டும். ஐந்தாம் நாள் ஒன்பது தடவை, ஏழாம் நாள் பதினான்கு. குடம் முக்காலுக்கு ஏறியது.

வெள்ளிக்கிழமை காலை, ஷெட்டுக்கு வந்து ஜோமோனிடம் பொறியின் தத்துவத்தை விளக்கப்போவதாகப் பைலை எடுத்தான். "நீங்க வந்து பேசுனா சாருக்குக் கோவம் வரும். மதினி வீட்டுல போயிப் படுங்க" என்று செபமாலையம்மாள் பைலை வாங்கிப் பரணில் வைத்துவிட்டுப் போனாள். பத்து மணிக்கு அவன் ஆரம்பித்தான். முக்கால் மைல் தள்ளி ஷெட்டில் அவள் சாக்கைத் தூக்கித் தலையில் வைத்தாள். சாக்கில் எடை குறைவோ என்று ஜோமோன் மறுபடி நிறுத்துப் பார்த்து இன்னொரு தடவை தூக்கச் சொன்னார். தூக்கினாள். மூன்றாவது தடவை சாக்கின் மேல் தன் குடையையும் வைத்துப் பார்த்தார். அதையும் தூக்கினாள். கையெழுத்துப் போட்டார். வீடு நின்றது. அந்த மூன்றாவது தூக்குக்குத்தான் பவுல்ராஜின் இருபத்து மூன்றாவது தடவை செலவாகியிருக்க வேண்டும். அவன் பாதி எழுந்த நிலையில் ஸ்பிரிங்குகள் அவன் கைலியையும் கவ்விக்கொண்டு மூடிக்கொண்டன. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. குருசாமி தூக்கிவிட முயன்றார். அவரால் குனிய முடிந்தது யோசனை சொல்லும் அளவுக்குத்தான்.

இப்போது அந்த லயத்தின் ஒன்பது நடுச்சுவர்களிலும் போல்ட் இருக்கிறது. காலையில் பெரட்டில் பெயர் கொடுத்து வேலைக்குப் போவதற்கு முன்னால் அவரவர் பக்கத்து வீட்டுக்காக இருபது தடவை படுத்து எழுவார்கள். எந்த இரண்டு வீட்டுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பதை அவர்கள் வயிற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம். எஸ்டேட் ஆபீஸும் ரிப்பேர் பதிவேட்டில் 'நடுச்சுவர் போல்ட், ஒன்பது' என்று எழுதிக்கொண்டது. இதெல்லாம் தன் வடிவமைப்பின் வெற்றி என்று பவுல்ராஜ் சொல்வதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும், வேலை உறுதியான சந்தோஷத்தில் கொழுந்து கிள்ளும் கூட்டம் மொத்தமும் செபமாலையம்மாளோடு குருசாமி வீட்டு வாசல்வரை வந்ததையும், அவள் உள்ளே போய் ஒற்றைக் கையால் அவனைத் தூக்கி நிறுத்தியதையும் சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வான். கைலி ஸ்பிரிங்கிலேயே இருந்துவிட்டது.