கூரைக் கண்ணுக்கு ஒரு தொப்பி

ஹோட்டல் அறைக்கே மூளை வைத்துவிட்டார்கள், கேளுங்கள். விருந்தாளி நுழைந்ததும் விளக்கு தானாக எரியும், ஜன்னல் திரை தானாக விலகும், அவருக்குப் பிடித்த அளவில் குளிர் வரும். எல்லாவற்றுக்கும் கூரையில் ஒரு கண். அசைவே இல்லாவிட்டால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, உள்ளே ஆளில்லை என்று வாசலில் பச்சை விளக்கைப் போட்டுவிடும். நல்ல ஏற்பாடுதான், யார் இல்லை என்றது? ஆனால் அந்தப் பாழாய்ப்போன கண் அறை துடைக்கிற பெண்களையும் பார்த்தது. யார் எங்கே எவ்வளவு நேரம் இருந்தாள் என்று மேனேஜரிடம் போட்டுக்கொடுத்தது.

அதற்கு மருந்து கண்டுபிடித்தவள் அங்கே ஒரு மாடியின் சூப்பர்வைசர். எல்லோருக்கும் அவள் பெரியக்கா. குளிக்கும்போது முடி நனையாமலிருக்க விருந்தாளிக்கு ஒரு பிளாஸ்டிக் தொப்பி வைப்பார்களே, அதற்குள் கைத்துண்டை மடித்து வைத்து, ஸ்டூலில் ஏறிக் கூரைக் கண்ணுக்கு மாட்டிவிட வேண்டும். கால் கடுக்கிறவள் பிறகு நிம்மதியாகக் கொஞ்சம் உட்காரலாம். பெரியக்காவே எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தாள். முதலில் சொன்னது தம்பி பொண்டாட்டிக்குத்தான்.

அவளும் அதே மாடியில்தான் வேலை. பட்டப்பேர் வாயாடி. வேலையில் பெரியக்கா என்பாள், வீட்டில் நாத்தனார் முறைக்கு அண்ணி என்பாள், இரண்டு இடத்திலும் வாய் ஓயாது. சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவள். வேளைக்குச் சாப்பிடாவிட்டால் மடமடவென்று சர்க்கரை இறங்கி, கண் இருட்டிக்கொண்டு விழுந்துவிடுவாள்.

அன்றைக்கு முதலாளி வருகிறார் என்று ஒரே அமர்க்களம். போன் எதுவும் சத்தம் போடக் கூடாது, தள்ளுவண்டி எதுவும் கண்ணில் படக் கூடாது. காற்றாடட்டும் என்று காலையிலிருந்து எல்லா அறையும் திறந்து கிடந்தது. முதலாளியின் கார் வந்துவிட்டது என்றதும் பெரியக்காதான் கதவுகளை வரிசையாக இழுத்துச் சாத்தினாள். எல்லா வாசலிலும் பச்சை. எந்த அறையையும் எட்டிப் பார்க்கவில்லை.

சாத்திவிட்டுச் சாமான் அறைக்கு வந்தால், வாயாடியின் சாப்பாட்டு டப்பா திறக்காமலே இருக்கிறது. கூட வேலை செய்கிறவர்களைக் கேட்டாள். யாரும் பார்க்கவில்லை. அவள் போனுக்கு அடித்தால், மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. 

முன்பு இடுப்பில் ஒரு சாவி இருக்கும், எந்தக் கதவையும் திறக்கலாம். இப்போது வேலை முடிந்த அறை யாருக்கும் திறக்காது. திறப்பது மேனேஜர் கையில். ஓடி ஓடிக் கதவுகளைத் தட்டினாள், காதை வைத்துக் கேட்டாள். எங்கேயும் மூச்சில்லை. அந்த வாய் பேசாமலிருக்கிறது என்பதே அவளை ஆட்டிவிட்டது.

லிப்ட் திறந்து முதலாளியும் மேனேஜரும் வெளியே வந்தார்கள். மேனேஜர் பெருமையாகக் கையிலிருந்த டேப்லெட் திரையைக் காட்டிக்கொண்டு வந்தார். பெரியக்கா நேரே போய் முன்னால் நின்றாள்.

"சார், எல்லாக் கதவையும் திறங்க. என் தம்பி பொண்டாட்டி ஏதோ ஒரு ரூம்ல விழுந்து கெடக்குறா."

மேனேஜருக்கு முகம் சுண்டிவிட்டது. திரையைத் திருப்பிக் காட்டினார், அத்தனையும் பச்சை. ஆளே இல்லையம்மா, சிஸ்டம் பொய் சொல்லாது, அப்புறம் பேசலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

சொன்னால் வேலை போய்விடும், மற்ற பெண்களும் மாட்டிக்கொள்வார்கள். அதெல்லாம் தெரியாமலா? 

"அதைப் பொய் சொல்ல வெச்சதே நான்தான் சார்," என்றாள். தொப்பி, துண்டு, ஸ்டூல் என்று ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டாள்.

முதலாளி அவளையே பார்த்தார். பிறகு மேனேஜரிடம், "திறங்க," என்றார்.

மேனேஜர் திரையில் ஒரே தட்டு தட்டினார். நடை முழுக்கக் கதவுகள் கடகடவென்று விடுபட்டன. பெரியக்கா ஒவ்வொரு அறையாகப் புகுந்து, தரையைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டே ஓடினாள். கடைக்கோடி அறையில் இருந்தது தொப்பி.

இருட்டில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே கிடந்தாள் வாயாடி. உடம்பெல்லாம் வேர்வை, நாக்கு குழறியது. பெரியக்கா விருந்தாளிக்கு வைத்திருந்த தேநீர்த் தட்டிலிருந்து சர்க்கரைப் பொட்டலங்களை அள்ளி, பல்லால் கிழித்து, கொஞ்சம் கொஞ்சமாக அவள் கன்னத்துக்குள் தடவினாள். முழுங்குடி, முழுங்குடி என்று கெஞ்சினாள். பின்னாலேயே வந்த மேனேஜர் ஸ்டூலில் ஏறித் தொப்பியைப் பிடுங்கினார். உடனே விளக்குகள் எரிந்தன, திரை விலகியது, குளிர்காற்று வீசியது. உள்ளே ஆள் இருப்பது அறைக்கு அப்போதுதான் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் வாயாடியின் கண் திறந்தது. பக்கத்தில் குனிந்திருந்த முகம் மட்டும்தான் தெரிந்திருக்க வேண்டும்.

"அண்ணி, யாராச்சும் கேட்டா தொப்பி என் வேலைன்னு சொல்லிடுங்க," என்றாள் மெதுவாக. "நான் உங்க பேரைச் சொல்ல மாட்டேன்."

கதவைச் சாத்திய கையாலேயே அவள் தலையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு பெரியக்கா வாய்விட்டு அழுதாள். மேனேஜர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூல் மேலேயே நின்றார்.