உறவு: ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரி கேன்டீனில் டீக்கு வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் போனில் யாரிடமோ சொன்னாள்: “கூட இருக்கியது நான்தான். சொந்தமா? சொந்தம் ஒண்ணும் இல்ல. நாங்க தம்மில் பேசவே மாட்டோம்.” அவளுக்கு டீ வந்தது. இரண்டு டீ. இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். மிச்சமெல்லாம் நான் சேர்த்தது.

2

கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கின் கண்ணாடிக் கட்டிடங்கள் மேல் மாலை வெயில் விழுந்து...

(வேண்டாம். அங்கே வேலை பார்ப்பவர்கள் கண்ணாடியை வெளியிலிருந்து பார்ப்பதே இல்லை.)

செண்பகவல்லி கழக்கூட்டத்தில் ஒரு சின்ன கம்பெனியில் இணையப் படிவங்கள் செய்கிறவள். அப்பாவும் அம்மாவும் போனக்காடு மலையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், ஆபீசில் ஆங்கிலம். எதையும் அரைகுறையாக விட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

(முதல் வரைவில் இவள் பிரதீஷ் என்கிற ஓர் ஆண். கதை பெண்கள் வார்டுக்குள் போகவேண்டியிருந்தது. அங்கே பிரதீஷை விடமாட்டார்கள். அதனால் அவனுக்கு வேலை போயிற்று. இந்த மாற்றத்துக்கு இதைவிட ஆழமான காரணம் எதுவும் இல்லை.)

சம்பளத்துக்குச் செய்கிற வேலை போக, அவள் இலவசமாக ஒரு படிவம் செய்து கொடுத்திருந்தாள். ‘கூட்டிருப்பு’* என்கிற குழுவுக்கு. தம்பானூரில் லாட்ஜ் நடத்தும் பத்மகுமார் ஆரம்பித்த குழு அது. நோயாளியோடு இருந்து இருந்து களைத்தவர்கள் அவர் லாட்ஜில் அறை எடுத்து, சாவியைக் கையில் வைத்தபடியே வராந்தாவில் தூங்கிப்போவதைப் பார்த்துச் சகிக்காமல் ஆரம்பித்தது. படிவத்தில் எழுதிக் கேட்டால் யாராவது ஒருவர் வந்து சில மணி நேரம் உங்கள் நோயாளியோடு இருப்பார். நீங்கள் போய்க் குளிக்கலாம், தூங்கலாம், ஊருக்குப் போய் வரலாம்.

* ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பதற்கு இங்கே சொல்கிற சொல். இதற்குள் ஒரு ‘கூட்டு’ இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

3

ஒரு நாள் பத்மகுமார் கூப்பிட்டார். மூச்சு வாங்கியது.

“மோளே, இதென்ன பரிபாடி? என்ன வேலை இது? ஃபிளாஸ்கும் கையுமா மூணு மாடி ஏறி இறங்கினேன். ஃபார்ம்ல வார்டு இல்ல, போன் நம்பர் இல்ல. ‘அம்மைக்குத் துணை வேணும்’னு மட்டும் இருக்கு. எந்த அம்மைன்னு நான் தேட? யாராவது வருவாங்கன்னு அந்த மனுஷன் வாசலையே பார்த்துட்டு இருந்திருப்பான் இல்லியா?”

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவளைத் தைத்தது. அன்றைக்கே உட்கார்ந்து விதிகள் வைத்தாள். எல்லாக் கட்டத்துக்கும் சிவப்பு நட்சத்திரம். ஒன்று காலியாக இருந்தாலும் ‘அனுப்பு’ வேலை செய்யாது. ‘இந்த விவரம் கட்டாயம்’ என்று சிவப்பில் வரும். போன் நம்பரில் பத்து இலக்கம் இல்லாவிட்டால் நகராது. ‘நோயாளி உங்களுக்கு என்ன உறவு’ என்ற இடத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுகிறார்கள் என்று அங்கே ஒரு பட்டியலை வைத்தாள். அம்மா, அப்பா, கணவர், மனைவி, மகன், மகள், சகோதரர், சகோதரி. ஒன்றைத் தொட்டால் போதும்.

அதற்குப் பிறகு வந்த படிவங்கள் பார்க்கவே லட்சணமாக இருந்தன. போனவர்கள் நேராகக் கட்டிலுக்கே போய் நின்றார்கள். “அடிபொளி!” என்றார் பத்மகுமார்.

(இதை வைத்து விதிகளைத் திட்டும் கதை ஒன்று எழுதலாம் என்றுதான் நினைத்திருந்தேன். பாதிக் கதையில் தெரிந்தது, விதிகள் நல்ல காரியம் செய்துகொண்டிருக்கின்றன என்று. திட்டும் கதையைக் கைவிட்டேன்.)

4

ஆட்கள் எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறார்கள் என்று பார்ப்பதற்காக, பாதியில் நின்ற படிவங்கள் தனியாகச் சேரும்படி செண்பகவல்லி வைத்திருந்தாள். மதியம் சாப்பிட்டுக்கொண்டே அதைத் திறந்தாள். ஒரே நம்பர் திரும்பத் திரும்ப வந்திருந்தது. கேட்பவர் எலிசாள். நோயாளி சொர்ணம்மாள். வார்டு, கட்டில், போன் எல்லாம் ஒழுங்காக இருந்தன. வியாழக்கிழமை காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆள் வேண்டும். உறவு மட்டும் காலி. ‘அனுப்பு’வை விடாமல் அழுத்தியிருக்கிறாள். பிறகு நிறுத்திவிட்டாள்.

அனுப்பாத படிவத்தில் இருக்கும் நம்பருக்குக் கூப்பிடலாமா? செண்பகவல்லி யோசித்தாள். நானும் இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் கூப்பிட்டிருந்தாள்.

“கூட்டிருப்புல இருந்து பேசறேன். உங்க ஃபார்ம் பாதியில நிக்குது. உறவுங்கற இடத்துல...”

“எனக்குள்ளது அதுல இல்ல பிள்ளே.”

“அவங்க உங்களுக்கு யாரு?”

“பக்கத்து வீட்டுக்காரி. எனக்க மேல கேஸ் குடுத்தவ.”

பின்னாலிருந்து இன்னொரு குரல் ஏறி வந்தது. “அக்கான்னு போட்டுத் தொலைச்சிராத, கேட்டியா! அப்படிப் போட்டா நான் கட்டில விட்டு இறங்கிப் போயிருவேன்!”

“இறங்கிப் போற கோலம்தான்” என்றாள் எலிசாள். “இடுப்பெலும்பு ஒடிஞ்சு கெடக்கா.”

விஷயம் இதுதான். பாறசாலைக்கு அருகே இரண்டு வீடு, நடுவில் மதில். எலிசாளின் தென்னை சொர்ணம்மாளின் ஓட்டுக்கு மேலே சாய்ந்து நிற்கிறது. தேங்காய் விழுந்து ஓடு உடைந்தது, பேச்சு நின்றது, பஞ்சாயத்தில் புகார் ஆனது. போன வாரம் சொர்ணம்மாள் முற்றத்தில் வழுக்கி விழுந்து அலறியபோது எலிசாள்தான் ஆம்புலன்ஸில் ஏற்றிக் கூட்டிவந்தாள். ஆப்பரேஷன் முடிந்துவிட்டது. சொர்ணம்மாளின் மகன் ஷார்ஜாவில் லீவுக்கு அலைகிறான். வியாழக்கிழமை பஞ்சாயத்தில் அந்தத் தென்னைக்கு விசாரணை.

“நான் போகல்லன்னா மரத்த முறிக்கச் சொல்லிருவாவ. போனா இவ தனியா கெடப்பா. கள்ளம் எழுதி ஆள் கேக்கவும் மனசு வரல்ல.”

குழுவில் அன்றைக்கு யாருக்கும் வசதிப்படவில்லை. செண்பகவல்லி லீவு போட்டாள். படிவம் செய்தாளே தவிர, அதுவரை ஒருவருக்கும் அவள் கூட்டிருந்ததில்லை.

5

வியாழக்கிழமை காலை வார்டில் எலிசாள் கிளம்பி நின்றாள். கட்டிலிலிருந்து சொர்ணம்மாள் சுவரைப் பார்த்தபடி பேசினாள்.

“நான் விழுந்து கெடக்கியேன்னு அங்க சொல்லணும். இல்லன்னா புகார் குடுத்தவ வரல்லன்னு தள்ளிருவாவ. நீ வாய் மிண்டாம இருந்தா உனக்கு லாபம். எனக்கு அது தெரியும்.”

எலிசாள் தண்ணீர் பாட்டிலைக் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

செண்பகவல்லிக்கு எதையும் எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. தலையணையைத் தப்பாக வைத்துத் திட்டு வாங்கினாள். கஞ்சியைச் சிந்தினாள். சொர்ணம்மாள் அடிக்கடி மணி கேட்டாள்.

“அவ சொல்லுவாளா?”

“உங்களுக்கு என்ன தோணுது?”

“பேசாம இருந்தே இத்தன வருஷம் போச்சு. எனக்கெப்படித் தெரியும்? நான் கெடந்து நெலவிளிச்சப்போ மதில் ஏறிச் சாடி வந்தா. கேட்டு வழியாச் சுத்தி வரல்ல. அது மட்டும் தெரியும்.”

மதியம் அவள் கண்ணயர்ந்ததும் செண்பகவல்லி போனிலேயே படிவத்தைத் திறந்தாள். ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து ஒரே கேள்வி கேட்டாள்: நீ காலியாக இருந்தால் எங்கள் ஆளால் வந்து சேர முடியாதா? வார்டு, கட்டில், போன், நேரம் நான்கும் முடியாது என்றன. நட்சத்திரத்தை அங்கே அப்படியே விட்டாள். உறவுக்கு இருந்த நட்சத்திரத்தை எடுத்தாள். பட்டியலையும் எடுத்துவிட்டு வெறும் கட்டமாக்கி, கீழே ஒரு வரி சேர்த்தாள்: ‘விரும்பினால் எழுதுங்கள். எழுதாவிட்டாலும் வருவோம்.’

பத்மகுமார் போனில் இழுத்தார். “யாரு என்னன்னு தெரியாம எப்படி மோளே?”

“கட்டில் நம்பர் இருக்கு சார். யாருன்னு வந்தா தெரிஞ்சிடும்.”

“ம்... செரி. இருந்துட்டுப் போட்டும்.”

6

இப்போது முடிவு.

முடிவு அ: எலிசாள் வாயைத் திறக்கவில்லை. புகார் தள்ளுபடி ஆனது. திரும்பி வந்து சொர்ணம்மாளின் முகத்தைப் பார்க்காமல் ஆரஞ்சு உரித்து... (மதில் ஏறிக் குதித்தவள் இதைச் செய்வாளா? அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: இருவரும் கட்டிப்பிடித்து அழ... (இதை எழுதினால் இரண்டு பேரும் சேர்ந்து என்னை அடிப்பார்கள்.)

சாயங்காலம் எலிசாள் வேர்த்து விறுவிறுத்து வந்தாள். உட்காரக்கூட இல்லை.

“சொன்னியா?”

“பின்னே? புகார்க்காரி எங்கன்னு கேட்டாவ. எனக்க கூட ஆஸ்பத்திரியில இருக்கான்னு சொன்னேன். எல்லாவனும் சிரிச்சானுவ.”

“பிறவு?”

“அடுத்த மாசத்துக்கு வச்சாச்சு. ரெண்டு பேரும் நேர்ல வரணுமாம்.”

காலையில் நடக்கப் பழக்க வந்த பெண்ணிடம், வலிக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவள் சொர்ணம்மாள். இப்போது முழங்கையை ஊன்றினாள்.

“அப்போ எனக்கு நடக்கணுமே.”

“நடக்காம? உன்ன நான் சுமந்துட்டா போவேன்?”

“உனக்க மரத்த முறிக்க நான் நடந்துதான் வருவேன். அந்தப் பிள்ளைய விளி.”

செண்பகவல்லி ஓடிப்போய் அந்தப் பெண்ணைக் கூட்டிவந்தாள். வாக்கரை முன்னால் வைத்தார்கள். ஒரு பக்கம் எலிசாள், மறுபக்கம் செண்பகவல்லி. சொர்ணம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். ஓர் அடி வைத்தாள்.

“மெல்ல” என்றாள் எலிசாள். “இன்னும் ஒரு மாசம் இருக்கு.”

7

விசாரணையில் யார் ஜெயிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை. உடைந்த ஓடும் பாவம், மரமும் பாவம். அன்றைக்கு அவர்கள் ஒரே ஆட்டோவில் போவார்களா, தனித்தனியாகவா, வழியில் பேசுவார்களா, எல்லாவற்றையும் உங்களிடமே விடுகிறேன். தீர்ப்பை யார் பக்கம் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் பஞ்சாயத்து ஆபீசின் படிகளில் மட்டும் அவசரப்படாதீர்கள். சொர்ணம்மாள் ஒவ்வொன்றாகத்தான் ஏறுவாள். எலிசாள் ஒரு படி கீழே நின்றுகொண்டு, கையை நீட்டாமல், ஆனால் நீட்டத் தயாராக...