சுவர் இருந்த இடம்

முதல் வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டியபோதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. சுவர் இடித்த ஆட்கள் செங்கல் மூட்டைகளை மூன்று மாடி இறக்கிக்கொண்டு அப்போதுதான் போயிருந்தார்கள். கூடத்துக்கும் குளியலறைக்கும் நடுவில் இருந்த சுவர் அது. ஒரு கால் எடுத்தபின் என் கணவர் ஜூங்யென் சக்கர நாற்காலியில்தான் வீடு திரும்பப் போகிறார், அந்தச் சுவர் இருந்தால் நாற்காலி திரும்பாது என்று நான்தான் இடிக்கச் சொன்னேன். மறுநாள் அவர் வருவதற்குள் தரை சுத்தமாகிவிட வேண்டும் என்று அவசரம். தூசியை ஈரமில்லாமல் பெருக்கி, மெஷினால் உறிஞ்சி எடுத்த பிறகுதான் தண்ணீரைத் தொட வேண்டும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். தலையாட்டினேன். பிறகு தண்ணீரைக் கொட்டினேன். போனை எடுத்தேன். ஜூங்யென் இறந்துவிட்டார் என்றார்கள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைக்கப் போனபோது அங்கே சுவர் இல்லை. துடைப்பம் கீழே விழுந்தது. அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அதன்பின் பிணக்கொட்டகையும் நாத்தனார் வீடுமாக நாட்கள் போயின. நான் மறுபடி எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தது ஏழாம் நாள் காலையில். அன்று பொழுது சாயும்போது இறந்தவர் வீட்டைப் பார்க்க வருவார். உறவுக்காரர்கள் எல்லோரும் கூடியிருக்க வேண்டும். எங்கள் ஊரான தைனானில் எந்த வீட்டிலும் இதில் மறுபேச்சில்லை. நான் நம்புகிறேனா என்று யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆறிய கஞ்சியில் ஆடை படிந்ததுபோல் தரை முழுக்க சிமென்ட் படிந்து இறுகியிருந்தது. பழைய மொசைக் தரை. கட்டம் கட்டமாகப் பிரித்து நடுவே பித்தளைப் பட்டை பதித்தது. பட்டை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. துணியை நனைத்துத் துடைத்தேன். ஈரமாக இருக்கும்வரை கறுப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும் தெரிந்தன, காய்ந்ததும் மறுபடி வெளுத்தது. மறுபடி துடைத்தேன். மறுபடி வெளுத்தது. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது என்றுகூடச் சொல்லலாம். எதையும் நினைக்க வேண்டியதில்லை.

நாத்தனார் லிசுவான் ஒரு கையில் மீன் கஞ்சித் தூக்கும் மறு கையில் பையுமாக வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏண்டி பெய்யூ, இது வீடா, சிமென்ட் குடோனா? இப்படிக் கெடந்தா அவன் உள்ள வருவானா? வாசல்லயே திரும்பிப் போயிடுவான்."

"தேய்ச்சிட்டுத்தான் இருக்கேன் அண்ணி."

"நீ தேய்க்கிற தேய்ப்புக்கு அடுத்த பொறப்பே எடுத்துட்டு வந்துடுவான். நகரு."

குளியலறைக்குப் போய் ஆசிட் பாட்டிலை எடுத்து வந்தாள். எல்லா வீட்டிலும் கக்கூஸ் மூலையில் இருக்கும் அதே பாட்டில். நான் எழுந்திருப்பதற்குள் சமையலறை ஓரம் ஒரு கட்டத்தில் ஊற்றிவிட்டாள். தரை நுரைத்தது. சிமென்ட் போயிற்று, கூடவே கல்லின் வழவழப்பும் போயிற்று. பித்தளை கறுத்துக் கிடந்தது. விரலால் தடவினேன். சொரசொரவென்று, வேறு யாரோ வீட்டுத் தரை மாதிரி இருந்தது.

அவள் அடுத்த கட்டத்துக்குக் கையை நீட்டியபோது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"ஊத்தாதீங்க. அவருக்கு வழி தெரியாமப் போயிடும்."

"என்னடி ஒளர்றே?"

"அவர் காலாலதான் நடந்தார் அண்ணி."

"எல்லாரும் காலாலதான் நடக்கறாங்க."

சர்க்கரை வியாதி கண்ணைக் கொண்டுபோன பிறகு ஜூங்யென் வீட்டில் செருப்பு போட்டதே இல்லை. பித்தளைப் பட்டை பாதத்துக்குச் சில்லென்று இருக்கும். வாசலிலிருந்து ஒரே பட்டையின் மேல் வந்து, திரும்ப வேண்டிய குறுக்குப் பட்டை தட்டுப்பட்டதும் வலது பக்கம் திரும்பி, அந்தச் சுவரில் கை வைத்துக் குளியலறைக்குப் போவார். டீ கொண்டுவரும்போதுகூட ஒரு சொட்டு சிந்தாது. லிசுவான் வரும் நாட்களில் மட்டும் முன்னாலேயே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அவள் போகும்வரை எழுந்திருக்க மாட்டார். அவர் நடப்பதை அவள் பார்த்ததே இல்லை.

இதையெல்லாம் நான் சொல்லி முடிக்கும்வரை அவள் மணிக்கட்டு என் கையிலேயே இருந்தது. பிறகு அவள் பாட்டிலை மூடினாள்.

"கால் பிரச்சினை இல்ல," என்றாள். "காகிதத்துல கால் செய்யச் சொல்லி நேத்தே எரிச்சாச்சு, அவனுக்குப் போய்ச் சேந்திருக்கும். எடது காலா வலது காலான்னு ரெண்டு தரம் கேட்டுக்கிட்டான் கடைக்காரன். ஆனா கண்ணு? அதுக்கு என்ன செய்யறதுன்னு அவனுக்கே தெரியல. மூக்குக் கண்ணாடி வேணா இருக்குன்னான். குருடனுக்குக் கண்ணாடி எதுக்குடா, மடையா, அப்படின்னு திட்டிட்டு வந்தேன்."

எனக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம் அது என்று தெரிந்தது. வரவில்லை. பார்வை திரும்பியிருந்தால் அவர் சுவரில்லாத வீட்டைப் பார்த்து வேறு வீடு என்று போய்விடுவார். திரும்பாமல் இருந்தால் பட்டையைத் தேடுவார். எப்படியும் பட்டை தெரிய வேண்டும். அவ்வளவுதான் என் தலைக்குள் ஓடியது.

லிசுவான் காலுறைகளைக் கழற்றிப் பையில் போட்டாள். சமையலறையிலிருந்து சாப்பிடும் மூங்கில் குச்சிகளை அள்ளி வந்து, ஒன்றை உடைத்து என்னிடம் கொடுத்தாள். அவள் வாசலிலிருந்து ஆரம்பித்தாள், நான் குளியலறைப் பக்கமிருந்து. ஈரத்துணியால் ஊறவைத்து, குச்சியால் பட்டையை ஒட்டிச் சுரண்டி, பழைய பஸ் அட்டையால் வழித்து, வேறு துணியால் துடைத்தோம். கஞ்சி ஆறிப்போனது. வீடு முழுவதையும் செய்ய நேரம் இல்லை. ஒரு கட்டம் அகலத்துக்கு, அவர் நடக்கும் வழியை மட்டும் செய்தோம்.

"இந்தக் குறுக்குப் பட்டையா திரும்பறது?"

"அடுத்தது."

"எங்கிட்ட நடந்து காட்டியிருக்கலாம்ல, கழுத," என்றாள் தரையைப் பார்த்து. என்னைச் சொல்லவில்லை.

சுவர் நின்ற இடத்தில் சாண் அகலத்துக்குப் பள்ளம். மொசைக்கும் இல்லை, பட்டையும் இல்லை, கரடுமுரடான சிமென்ட். அவர் பாதம் அங்கே இடறும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன துண்டுகளை மடித்து அதில் வைத்தேன். கொஞ்சம் மேடாகிவிட்டது. லிசுவான் ஒன்றை உருவி, மிச்சத்தை உள்ளங்கையால் அழுத்திச் சமமாக்கினாள். அப்போதுதான் அவள் அழுதாள். அவள் உருவிய துண்டையே எடுத்து அவளிடம் கொடுத்தேன். மூக்கைச் சிந்திவிட்டு அதாலேயே தரையைத் துடைத்தாள்.

வெயில் இறங்கியதும் ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் வந்த ஆகாய் சித்தப்பா வழக்கம்போல வீட்டுச் செருப்பைத் தேடினார்.

"செருப்பு கெடையாது. ஓரமாப் போய் உக்காருங்க சித்தப்பா. நடுவுல மிதிக்காதீங்க," என்றாள் லிசுவான்.

"இவ்ளோ எடம் இருக்கு, செவத்துல பல்லி மாதிரி ஒட்டிக்கணுமா நான்?"

"ஒட்டிக்கங்க. கால மடக்குங்க."

ஏதோ கேட்க வாயெடுத்தவர், பளபளத்த அந்த ஒரு கோட்டையும் இருபுறமும் வெளுத்துக் கிடந்த தரையையும் பார்த்துவிட்டு, முனகிக்கொண்டே சுவரோரம் உட்கார்ந்தார். வந்தவர்கள் எல்லோரும் அப்படியே உட்கார்ந்தார்கள்.

பிணத்தை ஊருக்குள் கொண்டுவரும்போது பாலம் வந்தால் பாலம், திருப்பம் வந்தால் திருப்பம் என்று செத்தவருக்குச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வருவது எங்கள் வழக்கம். வீட்டுக்குள் யாரும் அப்படிச் சொன்னதில்லை. லிசுவான் வாசலில் ஊதுபத்தியோடு நின்று, கதவை முழுக்கத் திறந்தாள்.

"ஜூங்யென், அக்காடா. நிலைப்படி இருக்கு, தாண்டு. பட்டை மேல வா. இன்னும் வா. குறுக்குப் பட்டை வரும், அது இல்ல, அடுத்தது. இப்ப வலது பக்கம் திரும்பு." கொஞ்சம் நிறுத்தினாள். "இங்க செவுரு இல்லப்பா. இடிச்சாச்சு. நீ வர்றதுக்குத்தான் இடிச்சோம். கைய நீட்டாத."

ஆகாய் சித்தப்பா முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஏற்கெனவே மடக்கியிருந்த பாதங்களை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் இழுத்துக்கொண்டார். அதற்கடுத்தவரும். இரண்டு வரிசை வெறுங்கால்களுக்கு நடுவே, இன்னும் முழுக்கக் காயாத அந்தக் கோடு வாசலிலிருந்து காலியாக நீண்டு கிடந்தது.