ஏழாம் பக்கம், நான்காம் திருத்தம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. மலேசியாவின் கெடா மாநிலத்தில், அலோர் ஸ்டாரிலிருந்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தி சொன்னாள்: "முழு லைனும் கிளவுஸ் கழலவே மாட்டேங்குதுக்கா. எல்லாம் ஒரு பேப்பரால வந்த வினை." மற்றவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த வாக்கியம் வருவதற்குள் பாக்கார் ஆராங் நிறுத்தம் வந்து இருவரும் இறங்கிவிட்டார்கள். நான் இறங்க வேண்டிய இடமும் அதுதான். கையுறை ஏன் கழலவில்லை என்று யோசித்ததில் இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய், வெயிலில் நடந்து வந்தேன்.

ஆக, அந்த இரண்டு வாக்கியம் மட்டும் அவர்களுடையது. மற்றபடி தொழிற்சாலை, ஆட்கள், சண்டை எல்லாமே என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "ரப்பர் மரங்களின் மேல் காலைப் பனி இன்னும்—"

(அடித்துவிட்டேன். கெடாவைப் பற்றி எழுதுகிற எல்லோரும் ரப்பர் மரத்தில்தான் தொடங்குகிறார்கள். மரத்துக்கே அலுத்துப்போயிருக்கும்.)

இரண்டாம் தொடக்கம்: "பலர் கூடி ஒரு தொழில்நுட்பக் கையேட்டை எழுதும்போது எழும் சிக்கல்களில் முதன்மையானது—"

(இதை என் மனைவிகூடப் படிக்க மாட்டாள்.)

மூன்றாம் தொடக்கம்: கேதரினுக்கு அந்த வேலை நிரந்தரமாக வேண்டும்.

இது இருக்கட்டும். எண்பத்தாறாம் ஆண்டு. ரப்பர் விலை படுத்துக்கிடந்த நேரம். வேலையில் இருந்தவர்கள் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சுங்கை பட்டாணி நகரத்தின் ஓரத்தில் ஒரு கையுறைத் தொழிற்சாலை. அங்கே தட்டச்சு செய்யும் கேதரின் தற்காலிக ஊழியர். "வெளிநாட்டுலருந்து சரக்கு வாங்குற பையர் வர்றதுக்குள்ள புது மிஷினோட கையேடு முடியணும். முடிஞ்சா நீ பர்மனென்ட்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.* முடியாவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அந்த வேலையை அவள் மனசார விரும்பினாள். வீட்டில் சம்பாதிக்கிற ஒரே ஆள் அவள்தான்.

* மேனேஜர் சீனர். மலாயும் ஆங்கிலமும் கலந்துதான் பேசுவார். நம் வசதிக்கு இந்தக் கதையில் தமிழ் பேசுகிறார்.

3

மிஷினைப் பற்றிக் கொஞ்சம். பீங்கானில் செய்த கைகள் சங்கிலியில் தொங்கிக்கொண்டே வரும். முதலில் மாவு கரைத்த தொட்டியில் முங்கும், அடுத்து ரப்பர் பாலில் முங்கும், அடுப்புக்குள் போய் வெந்து வெளியே வரும். பெண்கள் கையுறையைக் கழற்றிப் போடுவார்கள். மாவு சரியாக ஒட்டவில்லையென்றால் ரப்பர் பீங்கானைப் பிடித்த பிடி விடாது. இவ்வளவு தெரிந்தால் போதும். எனக்கும் இவ்வளவுதான் தெரியும்.

கையேடு எழுத மூன்று பேர். எப்படி எழுதுவது என்பதில் மூன்று கட்சி.

டெக்னீஷியன் ஜெரார்ட் கம்ப்யூட்டர் கட்சி. பினாங்கில் பயிற்சி முடித்து வந்தவன். வரியின் தலையில் ஒரு புள்ளி வைத்து இரண்டு எழுத்து அடித்தால் புதுப் பக்கம் தானாகப் பிறக்கும் என்று சொல்லும்போதே அவன் முகம் மலர்ந்துவிடும். திருத்தம் வந்தால் முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டாம், அந்த ஒரு சொல்லை மாற்றினால் போதும்.

"அதுல தமிழ் வருமா?" என்றாள் கேதரின்.

"இப்ப வராது. பின்னால வரும்லா."

"மிஷின் இப்ப ஓடுது ஜெரார்ட்."

கேதரின் ஸ்டென்சில் கட்சி. மலாயைத் தட்டச்சில் அடிப்பாள். தமிழை மெழுகுத்தாளில் ஊசிப்பேனாவால் கையாலேயே எழுதுவாள். மூன்றாவது ஆள் லைன் சூப்பர்வைசர் குழந்தைவேலு. அவர் ஆணிக் கட்சி. "நீங்க எதுல வேணா அடிங்கப்பா. மிஷின் பக்கத்துல ஆணியில எந்தப் பேப்பர் தொங்குதோ, அதான் எனக்குச் சட்டம்."

மூன்று பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கதை எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய தொந்தரவு கிடையாது.

4

(பழைய நான்காம் பகுதியை எடுத்துவிட்டேன். அதில் ஜெரார்டுக்கும் கேதரினுக்கும் காதல் வைத்திருந்தேன். சரிப்படவில்லை. கோலா மூடா ஆற்றோரத்தில் தனியாக விட்டாலும் பக்க எண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.)

புதிய நான்காம் பகுதி, ஒரே பக்கத்தை இரண்டு பேர் திருத்திய கதை. காலையில் ஜெரார்ட் திருத்தினான். மத்தியானம் குழந்தைவேலு பழைய தாளிலேயே திருத்தினார். கையேட்டில் ஒரே தொட்டிக்கு இரண்டு சூட்டளவு வந்துவிட்டது. கேதரின் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். அப்புறம் அலுவலகக் கழிப்பறைச் சாவியைப் பார்த்தாள். சாவி ஆணியில் இல்லையென்றால் உள்ளே ஆள் இருக்கிறது, அவ்வளவுதானே! கையேட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் சுவரில் ஓர் ஆணி அடிக்கச் சொன்னாள். பக்கத்தை எடுப்பவர் தன் பெயர் அட்டையை அங்கே மாட்ட வேண்டும். அட்டை தொங்கும்வரை வேறு யாரும் அந்தப் பக்கத்தைத் தொடக்கூடாது.

"கக்கூஸ் சட்டத்தைக் கொண்டாந்து கையேட்டுல மாட்டிட்டியே தாயி" என்று குழந்தைவேலு சிரித்தார். ஆனால் அது வேலை செய்தது. திருத்தத்துக்கு எண்ணும் போட்டார்கள். நான்காம் திருத்தம் வரை ஒரு சண்டை இல்லை.

5

இந்த இடத்தில் குழந்தைவேலுவின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. முதல் வரைவில் அவரை வில்லனாக்கியிருந்தேன். மீசையெல்லாம் வைத்தேன். ஆனால் மனிதர் வாயைத் திறந்தாலே கேதரினைத் "தாயி" என்கிறார். அவரை வைத்துக்கொண்டு என்ன வில்லத்தனம் செய்வது? மீசையை எடுத்துவிட்டேன்.

வில்லன் இல்லாமல் விபத்து வர வேண்டும். வந்தது இப்படி.

கேதரின் ஞாயிறுதோறும் கத்தோலிக்கக் கோயிலில் பூசைத் தாள் தயாரிப்பவள். பூசை வைக்கும் சாமியாரின் புத்தகத்தில் கறுப்பில் இருப்பது சொல்ல வேண்டியது, சிவப்பில் இருப்பது செய்ய வேண்டியது. கைகளை விரிக்கவும், மணி அடிக்கவும் என்பதெல்லாம் சிவப்பு. சிறு வயதிலிருந்து அவள் கண்ணுக்குச் சிவப்பு என்றால் 'இதைக் கட்டாயம் செய்' என்று பொருள். ஏழாம் பக்கத்தின் நான்காம் திருத்தத்தில் ஒரு வரி புதிதாகச் சேர்ந்தது: 'பீங்கான் கைகள் முங்குமுன், மாவுத் தொட்டியின் அடியில் தங்கிய மாவு கலங்கும்வரை கலக்கியை ஓட்டவும்.' ஸ்டென்சில் கறுப்பில்தான் அச்சடிக்கும். எனவே மிஷின் பக்கத்து ஆணியில் மாட்டும் தாளில் அந்த வரி முழுவதையும் சிவப்புப் பென்சிலால் தன் கையாலேயே எழுதினாள்.

குழந்தைவேலு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். வாத்தியாரின் சிவப்பு மை அவர் நோட்டு முழுக்க ஓடியிருக்கிறது. சிவப்பு என்றால் தப்பு, நீக்கிவிட்டார்கள், விட்டுவிடு. புது மிஷின் கலக்குகிற வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

'குறிகளின் விளக்கம்' என்று முதல் பக்கம் ஒன்று உண்டே, அதில் சிவப்புக்கு அர்த்தம் எழுதலாமே என்பீர்கள். முறைக்கு எழுதிவைக்கலாம் என்று கேதரினும் நினைத்தாள். முதல் பக்கத்து ஆணியில் ஜெரார்டின் அட்டை தொங்கியது. பக்கத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்ற எடுத்தவன், அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு கோலா கெடாவில் ஃபெரி ஏறி லங்காவித் தீவுக்கு லீவில் போய்விட்டான். சட்டம் போட்டவளே சட்டத்தை மீறுவாளா? வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் சிவப்புக்கு வேறு அர்த்தம் இருக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

6

மறுநாள் அடுப்பிலிருந்து பீங்கான் கைகள் வெளியே வந்தன. கழற்றும் இடத்தில் பாப்பம்மா நின்றிருந்தாள். இழுத்தாள். வரவில்லை. கம்பியில் காலை முட்டுக்கொடுத்து இழுத்தாள். பாதி கிழிந்து கையோடு வந்தது, மீதி பீங்கானோடு போனது.

"அண்ணே, மிஷின நிறுத்துங்கண்ணே! இது கழட்டுற கிளவுஸ் இல்ல, கட்டிக்கிட்ட கிளவுஸ்!"

சங்கிலி நின்றது. வரிசை வரிசையாக வெள்ளைக் கைகள் உறையைப் போட்டபடியே அசையாமல் நின்றன. பெண்கள் சிரித்தார்கள். குழந்தைவேலு சிரிக்கவில்லை. பையர் வர நாலு நாள்கூட இல்லை. கேதரின் ஓடி வந்து ஆணியில் தொங்கிய தாளைப் பார்த்தாள், தொட்டியின் அடியைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

"செவப்புல போட்டா எடுத்துட்டாங்கன்னுதானே தாயி அர்த்தம்?" என்றார் மெல்ல.

அவள் தாளை ஆணியிலிருந்து கழற்றினாள்.

7

மேனேஜர் அறை. லங்காவி வெயிலில் கறுத்த ஜெரார்ட் பையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்க்கிறான். மேசையில் ஏழாம் பக்கம்.

"யார் தப்பு?" என்றார் மேனேஜர்.

"என் தப்பு பாஸ்" என்று குழந்தைவேலு முந்திக்கொண்டார். "கண்ணு சரியாத் தெரியல. கேதரின் சரியாத்தான் எழுதிருக்கு. நான்தான் படிக்காம விட்டுட்டேன்."

பொய். அந்த மனிதருக்குத் தூரத்துத் தொட்டியில் சூடு காட்டும் முள்ளும் தெரியும். அவரை, முன்பு வேலை பார்த்த பாய்லருக்கே திரும்ப அனுப்புவார்கள், சூப்பர்வைசர் பதவி போகும் என்பது அறையில் எல்லோருக்கும் தெரியும். மேனேஜர் உத்தரவு எழுதப் பேனாவைத் திறந்துவிட்டார்.

முடிவு அ: கேதரின் வாயைத் திறக்கவில்லை. வேலை நிரந்தரமாகிறது. (இது சுத்தமாக, ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.)

முடிவு ஆ: கேதரின் எல்லாவற்றையும் சொல்கிறாள். மேனேஜர் நெகிழ்ந்து இருவருக்கும் சம்பள உயர்வு— (பள்ளிப் பாடநூலுக்கு அனுப்பிவைக்கிறேன்.)

முடிவு இ: ஜெரார்ட் எழுந்து, "பக்கம் என் பையில இருந்துச்சு"— (மூன்று தடவை முயன்றேன். பையன் எழமாட்டேன் என்கிறான்.)

நான்காம் வரைவில், "வாயால ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." என்று அவள் மனசுக்குள் ஓடுவதை எழுதிக்கொண்டிருந்தேன். வாக்கியம் முடியவில்லை. கேதரின் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். நான் எழச் சொல்லவில்லை. அடித்துவிட்டு, அவள் உட்கார்ந்திருக்கும் முடிவு அ-வுக்கே திரும்பினேன். அங்கேயும் நின்றுகொண்டிருந்தாள். வீட்டில் சம்பாதிக்கிற ஒரே ஆள் என்று ஞாபகப்படுத்தினேன். தெரியும் என்பதுபோல் நின்றாள்.

"உக்காரு தாயி" என்கிறார் குழந்தைவேலு பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் உட்காரவில்லை. மேனேஜரின் பேனா தாளுக்கு மேல் நிற்கிறது. எல்லோரும் அவளைப் பார்க்கிறார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை. இந்தத் தாளைக் கையில் வைத்திருக்கும் உங்களைத்தான் பார்க்கிறாள். அடுத்த வரியை நீங்கள் எழுதுங்கள். ஆனால் அவளை உட்கார வைக்க மட்டும் முயலாதீர்கள்.